மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

நியாயாசனத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொன்னவர் எண்ணிறந்தோர். அவர்கள் எழுதிய தீர்ப்புக்கள் கட்டுக்கட்டாகத் தஸ்தாவேஜு அறைகளில் உறங்குகின்றன. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர், ஆசனத்தை விட்டு இறங்கிய சின்னாட்களிலேயே மறக்கப்பட்டு விடுகிறது. ஆயின், ஜில்லா முன்சீப் என்னும் கீழ்ப்படி நியாயாதிபதியாக இருந்த ஒருவருடைய பெயர், அவர் காலஞ்சென்று நூற்றாண்டு கடந்த பின்னும் தமிழர் நாவில் வழங்கி வருகின்றது. அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் உத்தியோகம் பார்த்த விதத்தையும், ஊராரோடு கூடி வாழ்ந்த விதத்தையும் நமது சங்கத்து அன்பர்கள், முக்கியமாக உத்தியோகத்தை நாடும் இளைஞர்கள், அறிதல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில், சவரிமுத்துப் பிள்ளைக்கு மகனாகப் பிறந்தார். தியாகராஜ பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சிராப்பள்ளி ஜில்லாக் கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் சிறு வேலையில் முதலில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். இவ்வுத்தியோகமே அவருக்கு உண்மையான கல்விச்சாலையாயிற்று என்னலாம். கக்ஷிக்காரன் தமிழில் முறையிடுகிறான்; சாக்ஷி தமிழில் உரைக்கிறான்; துரையோ ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். இவ்விரு கரைக்கும் நடுவே பாலம்போல் நிற்பவன் மொழிபெயர்ப்பாளனே. அவன் ஒரு சொல்லை மாற்றினால் ஒருவனது நிலம் மாறிப்போம்.

முன்சீப் பரீக்ஷையில் தேறிய பிள்ளை, 1857-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். அப்பட்டினம் டென்மார்க் தேசத்தாரிடமிருந்து ஆங்கிலக் கும்பினியாரின் கைக்கு வந்தது 1845-ஆம் ஆண்டிலேதான். பின்பு சீகாழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அவர் வேலை பார்த்தார். மாயூரத்தில் மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் நியாயம் வழங்கினமையால், அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று மயிலாடுதுறை என வழங்குவதும், 2020-ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டத்திற்குத் தலைநகராய் விளங்குவதும் அவ்வூரே.

முன்சீப் கோர்ட்டு என்பது ஏழை எளியவன் முதன்முதல் ஏறும் நியாயஸ்தலமாகும். கடன் பத்திரம், குத்தகை, பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு ஆகிய யாவும் அங்கே வரும். அதற்குமேல் ஜில்லாக் கோர்ட்டு. அதற்கும் மேல், 1862-ஆம் ஆண்டில் ஹைகோர்ட்டு ஏற்படும் வரையில், சென்னைச் சதர் அதாலத்துக் கோர்ட்டு. மேல் கோர்ட்டார் செய்த சித்தாந்தங்களைத் தழுவியே கீழ்க் கோர்ட்டார் தீர்ப்புச் செய்ய வேண்டும். அச்சித்தாந்தங்களோ ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறியாத வக்கீலும், வழக்காளியும் தம்மை ஆளும் விதி இன்னதென்றே அறியாது தவித்தனர்.

இக்குறையைக் கண்டு பிள்ளை வாளா இருந்தாரல்லர். 1805-ஆம் ஆண்டு முதல் 1861-ஆம் ஆண்டு வரையில் சதர் கோர்ட்டார் செய்த தீர்மானங்களைத் தமிழிலே தொகுத்துச் "சித்தாந்த சங்கிரகம்" என்னும் பெயரால் வெளியிட்டார். பகலெல்லாம் வழக்குக் கேட்கும் ஒரு முன்சீப், ஐம்பத்தாறு வருஷத்துத் தீர்ப்புக்களைத் தமிழாக்குதல் எளிய காரியமா? மேலதிகாரிகளைத் திருப்தி செய்ய இது வேண்டுவதில்லை. தன்முன் கைகட்டி நிற்கும் குடியானவனுக்கும் சட்டம் விளங்கவேண்டும் என்னும் இரக்கமே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

இக்கருத்தை அவர் பின்னும் விட்டாரில்லை. 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த "பிரதாப முதலியார் சரித்திரம்" தமிழில் தோன்றிய முதல் நாவல் என்பதை யாவரும் அறிவர். அக்கதையினூடே, தமிழ் நாட்டில், தமிழர் வழக்கை, தமிழறிந்த நியாயாதிபதியின் முன்னிலையில், வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிக்கும் விந்தையை அவர் நகையாடிக் கண்டித்திருக்கின்றார். கதை கட்டும் புலவர் எவரும் கூறியிருக்கலாம். ஆயினும் கோர்ட்டு மேடையில் இருந்து பார்த்தவர் கூறும்போது அது சாக்ஷி வாக்குமூலமாகிறது.

நடுநிலை என்பது அவருக்கு உத்தியோக உடையன்று. 1859-ஆம் ஆண்டில் வெளியான "நீதி நூல்" என்னும் செய்யுள் நூலிலே கைக்கூலி வாங்குதலைக் கடிந்து பாடியிருக்கின்றார். தாமே நியாயாதிபதியாய் இருந்துகொண்டு இங்ஙனம் பாடுவோன், தன் வாழ்வையே ஊரார் முன் பரீக்ஷைக்கு வைத்தவனாகிறான். பெண்களுக்குக் கல்வி வேண்டுமென்று வற்புறுத்திப் "பெண்மதி மாலை" என்னும் நூலையும் இயற்றினார்.

இனி, அவர் ஊராரோடு வாழ்ந்த வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். மகாவித்துவான் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர்த்தோழர். இவர் கிறிஸ்தவர், அவர் சைவர். ஆயினும் அம்மகாவித்துவான் இவர்மீது "குளத்துக் கோவை" பாடினார். இவர் சீகாழியில் முன்சீப்பாய் இருந்த காலத்தில் அங்கே "சீகாழிக் கோவை"யும் உருவாயிற்று. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடும் இவருக்கு நெருங்கிய நட்பு உண்டு. இவர் 1878-ஆம் ஆண்டில் வெளியிட்ட கீர்த்தனை நூலுக்குச் "சர்வ சமய சமரசக் கீர்த்தனை" என்று பெயரிட்டமை, அவருடைய உள்ளத்தின் விரிவைக் காட்டும்.

1872-ஆம் ஆண்டளவில் உத்தியோகத்தை விட்ட பின்னும் ஊரை விட்டாரில்லை. மாயூரம் நகரசபைத் தலைவராய் இருந்து பணிபுரிந்தார். 1876-ஆம் ஆண்டு தொடங்கித் தாது வருஷத்துப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவருக்குக் கஞ்சி வார்த்தார். அதனைக் கண்ணாரக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய நாவினால் புகழப்படுதல் எளிதோ? 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள் பிள்ளை காலமானார்.

அவர் விரும்பியது பின்னாளில் ஒரு பகுதி கைகூடிற்று. 1956-ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் இடம்பெற வழி பிறந்தது. ஹைகோர்ட்டில் இன்றும் ஆங்கிலமே நிலவுகின்றது.

அன்பர்களே! நம் பிள்ளைகளை வக்கீலாகவும் நியாயாதிபதியாகவும் காண நாம் ஆசைப்படுகின்றோம். அவ்வாசை நன்றே. ஆனால் ஆசனம் ஏறுதல் மட்டும் பெருமையன்று. தோற்றவனும் "என் வழக்கு ஏன் தோற்றது என்று எனக்கு விளங்கிற்று" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புமாறு நியாயம் வழங்குதலே பெருமை. பட்டம் பெற்று வரும் நம் இளைஞர்களுக்கு மாலையிடும்பொழுது, மாயூரம் முன்சீப்பின் வரலாற்றையும் அவர்கள் செவியில் இடுவோமாக.