இந்தியாவில் மர ஆலை ஒழுங்குமுறை

மரத்தை வெட்டுதல், கொண்டுசெல்லுதல், அறுத்தல், வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாள் உரித்தல், ஒட்டுப்பலகை செய்தல் ஆகிய தொழில்கள் மீது அரசும் நீதிமன்றமும் விதித்துள்ள கட்டுப்பாடுகளே மர ஆலை ஒழுங்குமுறை எனப்படுகின்றன. வளரும் நாடுகளில் இந்தியாவின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. இங்கே காட்டைக் காக்க அறுவை ஆலையின் உரிமத்தையே முதன்மைக் கருவியாக்கினார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. முறைப்படி வெட்டிய தடியின் வெட்டுமுகத்தில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை பதிந்திருக்கும். சோதனைச்சாவடியில் தடியின் நடுவில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள். அதில் கால் பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்கினால் கன அளவு தோராயமாகக் கிடைக்கும். அதைப் பர்மிட்டில் உள்ள கணக்கோடு ஒப்பிடலாம். வாள் ஏறிவிட்டாலோ முத்திரையும் சுற்றளவும் போய்விடும். பலகையைப் பார்த்து அது எந்தக் காட்டு மரம் என்று சொல்ல இயலாது. தடி முழுதாக இருக்கும் கடைசி இடம் ஆலைதான். ஆகவே வரவு, செலவுப் பதிவேடும் இயந்திரக் கணக்கும் அங்கே கேட்கப்படுகின்றன. இந்தப் பதிவேட்டிலும் ஓட்டை உண்டு. ஒரு தடியில் எவ்வளவு பலகை தேறும், எவ்வளவு தூளாகும் என்பது மரத்துக்கு மரம், அறுப்பவரின் கைக்குக் கை மாறும். கள்ளத் தடியை அந்த இடைவெளிக்குள் எளிதில் நுழைத்துவிடலாம்.

சட்ட அடிப்படை பழையது. தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமும், நாட்டின் பெரும்பகுதியில் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் மரப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த அதிகாரம் தந்தன. 1976இல் காடுகள் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டன. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் தர மத்திய அரசின் முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. இவ்வளவு இருந்தும் வெட்டு நிற்கவில்லை.

திருப்பம் நீலகிரியில் தொடங்கியது. கூடலூர்ப் பகுதியில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்கு உரியனவாக இருந்த ஜன்மக் (பரம்பரை உரிமைக்) காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு, அக்குடும்பத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த இடைக்கால ஆணை நாடு முழுவதையும் தொட்டது. பதிவேட்டில் காடு என்றிருக்கும் நிலம் யாருக்குச் சொந்தமானாலும் காடுதான் என்றது. மத்திய அனுமதியின்றிக் காடுகளுக்குள் ஓடிய அறுவை, வெனீர், ஒட்டுப்பலகை ஆலைகளை நிறுத்தியது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், அசாமில் அருணாசல எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் இருந்த ஆலைகளை மூடவைத்தது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறவும் தடை விதித்தது. 1998 ஜனவரியில் அப்பகுதி ஆலைகள் தொழிற்பேட்டைகளுக்குள் இடம்பெயர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

காட்டுக்கு இது உயிர்ப்பிச்சை. ஆனால் அசாமின் ஒட்டுப்பலகை ஊர்களில் கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு மாற்று வழி எளிதில் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் ரப்பர் மரத்தை நம்பி ஆலைகள் பெருகிய கேரளத்தின் பெரும்பாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒழுங்குமுறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பெயர்வையும் அதன் பகுதியாகச் சேர்த்தே எழுதவேண்டும்.

2002இல் நீதிமன்றம் மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவை அமைத்தது. அதன் முன்அனுமதியின்றிப் புதிய ஆலை திறக்க அவ்வாண்டு அக்டோபரில் தடை வந்தது. 2015இல் அப்பொறுப்பு மாநில அளவிலான குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, மாநிலத்தில் கிடைக்கும் மரத்தை மதிப்பிட்ட பிறகே புதிய உரிமம் தரவேண்டும்.

இதற்குள் மரம் வரும் இடமே மாறியிருந்தது. ஹரியாணாவின் யமுனாநகரில் ஆலைகளுக்கு வருவது பெரும்பாலும் வயல்வரப்பில் வளர்ந்த பாப்ளரும் தைல மரமும். பட்டை நீக்கிய தடியைக் கடைசலில் பூட்டிச் சுழற்ற, அலகில் பட்டு வெனீர் பாய் போல உரிந்து வரும். அதை அளவாக வெட்டித் திறந்தவெளியில் காயவைக்கிறார்கள். இந்த மரத்தை நட்டவர் விவசாயி. காட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆலை உரிமம் சுருங்கினால் வாங்குவோர் குறைவர், விலை சரியும். நட்டு வளர்த்தவரை மரம் வைத்ததற்காக வருந்தவைக்கும் விதி காட்டுக்கும் நன்மை செய்யாது.

இந்த முரண் உத்தரப் பிரதேசத்தில் வழக்காயிற்று. புதிய ஆலைகளுக்கு வழிவிட்டு மாநில அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட அறிவிப்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை விலக்கியது. வழக்கின் மையக் கேள்வி, ஆலைகளுக்குப் போதுமான மரம் மாநிலத்தில் உண்டா என்பதே.

உண்மையில் முழு ஏற்பாடும் அந்த ஒரு மதிப்பீட்டின் மேல்தான் நிற்கிறது. வயலில் நிற்கும் மரத்தை நேரில் எண்ணாமல் தரும் உரிமம் காட்டை அழிக்கும். எண்ணாமல் மறுக்கும் உரிமம் விவசாயியை அழிக்கும். மாநிலக் குழுக்கள் இந்தக் கணக்கைக் குறித்த காலத்தில் புதுப்பித்து, ஊரார் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.