நடுவட்டத்துச் சீனக் குடும்பமும் பெயர் எழுதப்படாத நம் பெண்களும்

மக்காவ் துறைமுகத்தில் போர்த்துக்கீசியரும் சீனரும் கலந்து உருவான குடும்பங்களுக்கு வம்சாவளி நூலே இருக்கிறது. ஜோர்ஜே ஃபோர்ஜாஸ் 1996இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் நீலகிரியிலும் இருந்தன. கேள்விப்பட்டிருக்கிறீர்களா, தோழர்களே?

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை பிரிட்டிஷ் இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தவை. இங்கிருந்து கைதிகளை அங்கே நாடுகடத்தினார்கள். அங்கே சிறையில் இடம் போதவில்லை என்று சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேற்றினார்கள். சிலர் நீலகிரிச் சிறைக்கு வந்தார்கள். நடுவட்டத்தில் அப்போது அரசின் சின்கோனாத் தோட்டம். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து அந்த மரப்பட்டையிலிருந்துதான். தோட்ட வேலைக்குக் கைதிகளின் உழைப்பும் பயன்பட்டது.

விடுதலைக்குப் பிறகு சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலுள்ள சரிவில் காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். அவர்களோடு வாழ்ந்து பிள்ளை பெற்றவர்கள் பறையர் சமூகத்துத் தமிழ்ப் பெண்கள்.

1890களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு அங்கே போனார். ஒரு குடும்பத்தின் தலை, மூக்கு எல்லாம் அளந்தார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதி நூலிலும் அந்தக் குடும்பம் இருக்கிறது. கிறிஸ்தவராக மாறியபோது சடையை வெட்ட வைத்துவிட்டார்கள் என்பதுதான் தகப்பனின் ஒரே மனக்குறையாம். அதை வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் நிறம், கண், கன்னத்து எலும்பு பற்றியும் எழுதுகிறார். தாயைப் பற்றி? கறுத்த நிறம், சாதி. அவ்வளவுதான். அவளுக்கு என்ன குறை என்று எழுதவில்லை. பெயரும் இல்லை.

எங்கள் திருவண்ணாமலைக் கோயில் சுவரில் தானம் கொடுத்தவர்களின் பெயர் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது. மலையில் குடும்பத்தைத் தாங்கியவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அயோத்திதாசப் பண்டிதர் இயங்கியது இதே நீலகிரியில்தான். 1870களில் அத்வைதானந்த சபை, 1891இல் திராவிட மகாஜன சபை. மக்கள்தொகைக் கணக்கில் நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்று அரசோடு அவர் மல்லுக்கட்டிய காலமும் அதையொட்டியதே. பதிவேட்டில் விழும் ஒரு சொல் தலைமுறைகளை ஆளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தர்ஸ்டனோடு நின்றுவிடாதீர்கள். தகப்பன் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் தேடலைச் சர்ச் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். ஞானஸ்நானப் பதிவில் தாய் பெயருக்கும் இடமுண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சிறை, தோட்டக் கோப்புகளைக் கேளுங்கள். நில ஆவணங்களையும் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் போனால் வயதான பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். முகத்தைப் பார்த்து யாரையும் சீன வம்சமா என்று கேட்டுவிடாதீர்கள். அது தர்ஸ்டன் செய்த வேலை. பாட்டிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள்.