களிம்பும் கணினியும்

கார்புரேட்டர் போனதோடு மெக்கானிக்கின் கைத்தொழிலும் போயிற்று, ஸ்கேனரைச் செருகினால் வண்டியே தன் நோயைச் சொல்லிவிடும் என்ற பேச்சு இருபது ஆண்டுகளாக ஓடுகிறது. சாயர்புரம் போன்ற ஊரை வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு எடுபடாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் தாமிரபரணிக் கரை வயல்களுக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் உப்புக்காற்று. மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர் வந்தபோது, மெக்கானிக் வேறு எலக்ட்ரீசியன் வேறு என்ற பழைய பாகப்பிரிவினைதான் குலைந்தது. கைத்தொழில் தப்பித்துக்கொண்டது என்பதே என் கட்சி.

இன்ஜெக்டர் இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆவதற்கு முன்பே டீசல் லாரிகளில் அது இருந்தது. ஆனால் அந்தப் பழைய இன்ஜெக்டருக்கு மின்சாரத்தோடு சம்பந்தமே கிடையாது. பம்ப் தள்ளும் அழுத்தத்தில் ஊசி எழும்பும், டீசல் பீச்சும், அழுத்தம் இறங்கியதும் ஸ்பிரிங் ஊசியை அமுக்கிவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணிய லாரி, பேட்டரி செத்திருந்தாலும் ஊர் போய்ச் சேரும். நாசில் கெட்டால் பம்ப் கடை, செல்ஃப் அடிக்காவிட்டால் எலக்ட்ரீசியன் என்று வேலை பிரிந்திருந்தது. பெட்ரோல் காரிலும் கார்புரேட்டர் மெக்கானிக்கின் சொத்து. மின்சாரம் பாயிண்ட், கண்டன்சர், பிளக் என்று தீப்பொறியோடு நின்றுவிடும். வண்டி சரியாகாதபோது ஒருவர்மேல் ஒருவர் பழி போடவும் இந்தப் பிரிவினை வசதியாக இருந்தது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இலேயே ஃபோக்ஸ்வேகன் காரில் மின்னணு இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் அதை இழுத்து வந்தது புகைச் சட்டம். 1999இல் டெல்லி வண்டிகளுக்கு உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது; 2000இல் மாருதி 800க்கும் இன்ஜெக்டர் வந்தது. பாரத் ஸ்டேஜ் 2 புகை விதி சென்னைக்கு 2001இல், நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு அந்த நாலு வருஷ இடைவெளி கிடைத்த அவகாசம். 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவையும் கார்புரேட்டரைக் கைவிட்டன.

இந்த இன்ஜெக்டருக்குள் இருப்பது ஒரு காயில். இன்ஜின் ஓடும்போதெல்லாம் ரிலே வழியாக அதன் ஒரு முனைக்கு பேட்டரி மின்சாரம் வந்து நிற்கும். மறுமுனையை எர்த்தோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கணினியின் வேலை. சேர்ந்திருக்கும் சில மில்லி விநாடிகளில்தான் பெட்ரோல் பீச்சும். ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காவிட்டால் அதன் கனெக்டர், வயர், காயில் மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். நாலும் ஒரேயடியாக நின்றால் நாலு இன்ஜெக்டரும் ஒரே நாளில் கெட்டிருக்காது. ஃப்யூஸிலும் ரிலேயிலும் தொடங்க வேண்டும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லை என்று கேட்டுச் செத்த சிலிண்டரைப் பிடித்தது கார்புரேட்டர் காலத்து வழக்கம். இன்று இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி அதையே செய்கிறார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, பிடியில் காதை வைத்து டிக்டிக் கேட்பதும் அந்தப் பழைய காதுதான்.

ஸ்கேனர்தான் பி0203 என்று காட்டிவிடுகிறதே, காது எதற்கு என்பார்கள். மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்தவுடனே இன்ஜெக்டரை மாற்றுவது வாடிக்கையாளர் காசில் சூதாடுவது. அதைவிட மோசம், எண்ணே வராத கோளாறு. பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்டர் காயிலின் மின்தடை 12 முதல் 16 ஓம். 14 ஓம் காயிலுக்கு 14 வோல்ட் கொடுத்தால் ஒரு ஆம்பியர் ஓடும். உப்புக்காற்றில் கனெக்டர் ஊசி களிம்பு பிடித்து 5 ஓம் கூட்டினால் மின்னோட்டம் கால் பங்கு குறைந்துவிடும். இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், இன்ஜின் இழுக்காது; ஆனால் சர்க்யூட் அறுபடவில்லை என்பதால் கணினி சும்மா இருந்துவிடலாம். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் காயில் நன்றாகவே காட்டும். குற்றவாளி கழற்றிய கனெக்டரில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலிருந்து கனெக்டர் வரை எத்தனை வோல்ட் வழியில் காணாமல் போகிறது என்று அளந்தால்தான் அது அகப்படும்.

கம்பெனிகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டன, சின்ன ஒர்க்‌ஷாப் இனி பிழைக்காது என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டரைத் திறக்கும் மின்னழுத்தம் பல வண்டிகளில் 60 வோல்ட்டைத் தாண்டும். டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கிற இடமில்லை அது. புதிய இன்ஜெக்டரின் குறியீட்டைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கவும் பல வண்டிகளில் தனிக் கருவி வேண்டும். களிம்பைச் சுரண்டுவதற்கும் அறுந்த வயரை ஒட்டுவதற்கும் இந்தப் பூட்டு குறுக்கே வராது. அதற்குத் தேவை வயரிங் படம் வாசிக்கும் பழக்கம். கூடமாட நின்று கண்ணால் கற்ற தலைமுறைக்கு அதுதான் உண்மையான கஷ்டம். 1840களில் ஜி. யு. போப் குருமடம் நடத்திய, 1962 முதல் அவர் பெயரில் கல்லூரியும் இருக்கிற சாயர்புரத்தில் அந்த வாசிப்பைச் சொல்லித்தர மாலை வகுப்பு ஒன்று போதும். அதுவரை, இன்ஜெக்டரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கனெக்டரைக் கழற்றி ஊசியின் நிறத்தைக் காட்டச் சொல்லுங்கள்.