யவனர் சாடியில் வந்த தேறல்



புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகின்றார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அருந்தி இன்புற்றிருப்பாயாக என்பது அவ்வாழ்த்தின் ஒரு பகுதி. உ.வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்த நாள் தொடக்கம் இவ்விடத்தைத் தொட்டுக்காட்டாத மேடைப் பேச்சாளர் குறைவு. உரோமாபுரி மதுவை எங்கள் அரசன் அருந்தினான் என்று பெருமைப்பட்டுவிட்டு அப்பால் போய்விடுவோம். நுகேகொடையில் மாதமொருமுறை கூடும் எமது வாசகர் வட்டத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “அதை யார் செய்தது, சேர்? எப்படிச் செய்தார்கள்?” உரைகளில் இதற்கு விடை இல்லை. மண்ணைத்தான் கேட்கவேண்டும்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இரு கைப்பிடி கொண்ட மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிவந்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கே மீண்டும் அகழ்வை நடத்தினார். சாடித் துண்டுகளை ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில். கிரேக்கத்தின் கொஸ் தீவு வகைச் சாடிகள் அங்கு மிகுதி. இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தவையும் உண்டு. கம்பானியாச் சாடியை அதன் மண்ணே காட்டிக்கொடுக்கும். வெசுவியஸ் எரிமலையின் கருமணல் அதில் புள்ளி புள்ளியாய்த் தெரியும்.

அந்தக் கம்பானியாவின் புகழ்பெற்ற மது ஃபலேர்னியன். மாசிக்குஸ் மலைச்சரிவில் விளைந்தது. சுடர் காட்டினால் தீப்பற்றும் மது அது ஒன்றே என்கிறார் உரோம அறிஞர் பிளினி. திராட்சையைக் காலால் மிதித்துச் சாறெடுத்து, எஞ்சியதைச் செக்குப் போன்ற பொறியில் அழுத்துவார்கள். சாறு கழுத்தளவு மண்ணில் புதைத்த பெருந்தாழிகளில் நொதிக்கும். பொம்பெய்க்கு அருகே பொஸ்கொரியாலேயில், 79ஆம் ஆண்டின் எரிமலைச் சாம்பல் மூடிய ஒரு பண்ணை வீட்டில், அத்தகைய 18 தாழிகள் புதைத்தபடியே கிடைத்தன. மண்ணிற் புதைத்து முதிர்வித்த மதுவையும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலையும் சங்கப் பாடல்களும் பேசுகின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தாழியிலிருந்து சாடிக்கு மாற்றுமுன் சாடியின் உட்புறத்தில் பைன் மரத்துப் பிசின்கீல் பூசுவார்கள். மட்பாண்டம் கசியாதிருக்க அது வேண்டும். பாண்டியன் அரண்மனையில் நக்கீரர் முகர்ந்த மணத்தில் பாதி இந்தக் கீலின் மணமாயிருக்கலாம் என்பது என் ஊகம். கொஸ் தீவு மதுவிலோ கடல்நீர் கலப்பார்கள். அதைப் போலவே இத்தாலியில் போலி மது செய்யும் முறையைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேட்டோ எழுதிவைத்தார். கலப்படம் புதிய கலையன்று!

ஆனால் எவ்வளவு வந்தது? ‘பெரிப்ளுஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல், வடக்கே பரிகாசாத் துறையில் இத்தாலிய மதுவுக்கே விருப்பம் அதிகம் என்கிறது. முசிறிக்கோ மது சிறிதளவே போயிற்று. இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் உரோமச் சாடிகள் என்று கருதப்பட்ட துண்டுகளுட் சில மெசப்பொத்தேமியப் பகுதியினுடையவை என்று ரொபெர்ட்டா டொம்பர் அண்மைக் காலத்திற் காட்டினார். கப்பல் கப்பலாய் மது வந்திறங்கியது என்று மேடைகளிற் சொல்வதை நாம் குறைத்துக்கொள்வது நல்லது. அருமையான பொருளாயிருந்தபடியால்தான் அது அரச வாழ்த்தில் இடம்பெற்றது.

கம்பானியாவில் திராட்சைக் கொடியை நெட்டைப் பொப்லார் மரங்களில் ஏற்றி வளர்த்தார்கள். நேப்பிள்சுக்கு வடக்கே அவெர்சாவில் இன்றும் மரத்திற் கொடி படர்கிறது. உச்சியிற் குலை பறிக்கும் கூலியாள் விழுந்து இறந்தால் தகனத்துக்கும் கல்லறைக்கும் முதலாளி பொறுப்பு என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டே ஏறுவான் என்கிறார் பிளினி. நக்கீரர் பாட்டின் பொற்கிண்ணத்துக்குப் பின்னால் நிற்பவன் இவன்தான். அவனைப் பற்றி அறிந்த பிறகு அந்தப் பாட்டை முன்போல் என்னால் வாசிக்க முடியவில்லை.

வெசுவியஸ் சீறிய அந்த 79ஆம் ஆண்டிலே அதன் அருகிலேயே மாண்ட பிளினி, எமது தீவையும் எழுதியிருக்கிறார். குளோடியஸ் பேரரசன் காலத்தில் (41–54) இங்கிருந்து உரோமுக்குப் போன நான்கு தூதர் சொன்னவையாகச் சில செய்திகள்: தப்ரபேனில் திராட்சை வழக்கில் இல்லை, பழங்கள் நிறைய உண்டு, அரசன் உடை மட்டும் மதுத் தெய்வமான லிபேரின் உடை போன்றது.

திராட்சை இல்லாவிட்டால் என்ன, இங்கே பாளை உண்டு. வெள்ளவத்தையில் ரயிலேறித் தெற்கே வாதுவ, பயாகல பக்கம் போனால் தென்னைகளுக்கிடையே கட்டிய கயிறுகளைக் காணலாம். கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. கள் இறக்குபவர் நிலத்துக்கு இறங்காமலே மரத்துக்கு மரம் போகிறார். காலையில் இறக்கிய கள் பொழுதுபடுமுன்னே புளித்துவிடும். கீல் பூசிய சாடியும் அதைக் காக்காது. அதனால் அது வடிக்கப்பட்டுச் சாராயமாகி, ஹல்மில்ல மரப் பீப்பாய்களுக்குள் முதிரப் போகிறது.