சுருள் விண்மீன் மண்டலங்கள்: இருவகை ஒளியிலும் ஆராயப்படுவது ஏன்?

பெங்களூரு: சுருள் விண்மீன் மண்டலத்தைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் படம்பிடித்தால், அதன் கைகளில் நீல நிற இளம் விண்மீன்களும் அவற்றினூடே கருநிறத் தூசிப் பட்டைகளும் தென்படும். அதே மண்டலத்தை அகச்சிவப்பு ஒளியில் நோக்கும்போது தூசி பெருமளவு விலகியதுபோல் உள்ளமைப்பு வெளிப்படுகிறது.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையாகும். நுண்ணிய தூசித் துகள்கள் இதை எளிதில் சிதறடித்து உறிஞ்சிவிடுகின்றன. 1 முதல் 2.5 மைக்ரான் வரையிலான அண்மை அகச்சிவப்புக் கதிர்களோ தூசியைப் பெரிதும் ஊடுருவி வருகின்றன. மண்டலத்தின் விண்மீன் நிறையில் பெரும்பங்கு வகிக்கும் முதிய, செந்நிற விண்மீன்கள் இக்கதிர்களில் பிரகாசிக்கின்றன. நமது பால்வீதியின் மையத்தில் உள்ள பட்டை வடிவ அமைப்பை உறுதிசெய்யவும் அகச்சிவப்பு ஆய்வுகளே உதவின.

ஹொசகோட்டேயிலிருந்து ஹான்லேவுக்கு

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இமாலய சந்திரா தொலைநோக்கியை நிறுவியுள்ளது. 2 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட இது, 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் ஒளியைப் பதிவுசெய்தது. பெங்களூரு அருகேயுள்ள ஹொசகோட்டே மையத்திலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இது இயக்கப்படுகிறது. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சும் என்பதால், வறண்ட குளிர்ப் பாலைவனமான ஹான்லே இத்தகைய ஆய்வுக்கு உகந்ததாகும்.

2023 மே 19 அன்று, சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 சுருள் மண்டலத்தில் விண்மீன் வெடிப்பு ஒன்று கண்டறியப்பட்டது. எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் எனப் பெயரிடப்பட்ட இதனை, இந்நிறுவன விஞ்ஞானிகள் இத்தொலைநோக்கியால் ஆராய்ந்தனர். ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் புறஊதா தரவுகளை வழங்கியது. வெடித்த விண்மீனின் பழைய பதிவுகளைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் தேடியபோது, அது தூசியால் சூழப்பட்ட செம்பெருமீன் எனத் தெரியவந்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் மங்கியிருந்த அதனை, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்கள் தெளிவாகக் காட்டின.

இருளைக் காக்கும் முயற்சி

மங்கலான சுருள் கைகளைப் பதிவுசெய்ய இருண்ட வானம் இன்றியமையாதது. தெருவிளக்குகளின் ஒளி வானில் சிதறினால், அவற்றின் நுண்விவரங்கள் மறைந்துவிடும். இதனைத் தடுக்க, 2022 டிசம்பரில் ஹான்லே பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு விளக்குகளின் ஒளி வானோக்கிப் பரவாதவாறு கட்டுப்படுத்தப்படுகிறது. உள்ளூர் மக்களும் வானியல் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளனர்.