பத்தமடை டொக்டரும் வால்-மொறான் மலையும்

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டம். சாப்பாடு முடிந்து கதைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் (இங்கே பிறந்தவள், இருபத்திரண்டு வயது) தான் மூன்று நாள் யோகா முகாமுக்குப் போய்வந்த கதையைச் சொன்னாள். விடிய ஐந்தரைக்கு மணி அடித்து எழுப்புவார்களாம். ஆறு மணிக்குத் தியானம், பஜனை. எட்டு மணிக்கு ஆசனம். பத்து மணிக்குத்தான் முதல் சாப்பாடு, பிறகு பின்னேரம் ஆறு மணிக்கு ஒன்று. வெங்காயம், உள்ளி, முட்டை, கோப்பி ஒன்றும் கிடையாது. "அங்கிள், அங்க ஒரு கியூபெக் பொம்பிளைதான் எனக்கு ஏழு சக்கரத்தையும் விளங்கப்படுத்தினவ" என்றாள்.

தகப்பன் சிரித்தார். "எங்கட சாமானைக் களவெடுத்து வெள்ளைக்காரன் எங்களுக்கே விக்கிறான்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். கன வருடமாக நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது மனதை அரித்தது. களவெடுத்தது யார், விற்றது யார் என்று கொஞ்சம் தேடிப் பார்த்தவனுக்கு அந்தப் பகிடி முழுதாகச் சரி இல்லை என்று தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

அவள் போன இடம் வால்-மொறான். மொன்றியலில் இருந்து வடக்கே 15ஆம் இலக்கப் பெருந்தெருவில் போனால் ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், லோறன்ஷியன் மலைப்பகுதி. போகிற வழியில் மிராபெல் வரும். எண்பதுகளில் வந்த எங்கட ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே வயிற்றைப் பிசையும். பாஸ்போர்ட்டைக் கிழித்தவனும் விழுங்கியவனும் இறங்கிய விமான நிலையம் அதுதான். 2004இல் பயணிகள் விமானம் நின்றது. 2014இல் கட்டடத்தையும் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் கைநாட்டு வைத்த மேசைகள் எல்லாம் இப்போது எந்தக் குப்பையிலோ. சரி, அது வேறு கதை.

வால்-மொறான் ஆசிரமத்தை 1960களின் தொடக்கத்தில் அமைத்தவர் சுவாமி விஷ்ணுதேவானந்தா. 1927இல் கேரளத்தில் பிறந்தவர், இந்திய இராணுவத்தில் வேலை பார்த்தவர். 1957இல் ரிஷிகேசத்தில் இருந்து வெளிக்கிடும்போது குரு கொடுத்த பத்து ரூபாய்தான் கையில் இருந்தது என்று அவருடைய சீடர்கள் சொல்வார்கள். 1960இல் வெளிவந்த அவருடைய படங்கள் போட்ட யோகா புத்தகத்தை வைத்துத்தான் வட அமெரிக்காவில் ஒரு தலைமுறை தலைகீழாக நிற்கப் பழகியது. 1969இல் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். சரியான ஆசனம், சரியான மூச்சு, சரியான ஓய்வு, சரியான சாப்பாடு, நல்ல எண்ணமும் தியானமும் என்று ஐந்தாக யோகத்தைச் சுருக்கித் தந்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளை சொன்ன கால அட்டவணை அவருடைய ஆசிரமங்களில் எல்லா இடத்திலும் அநேகமாக அதேதான்.

அவருடைய குருதான் எனக்கு முக்கியமானவர். சுவாமி சிவானந்தர். ரிஷிகேசத்துச் சாமி என்று நாங்கள் ஏதோ வடக்கத்தியான் மாதிரி நினைப்போம். ஆள் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை. 1887இல் பிறந்தவர், பெயர் குப்புசாமி. பத்தமடை என்றால் கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். (இன்று உலகம் முழுக்க யோகா பாய் விற்பவர்களுக்கு இந்தப் பொருத்தம் தெரியுமோ தெரியாது.) தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, "அம்புரோசியா" என்று ஒரு மருத்துவப் பத்திரிகையும் நடத்தினார். 1913இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி. ஏறத்தாழ ஏழு வருடம் அதில் இருந்தார், பிறகு ஜொகூர் பாருவில். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் நோயாளிகள் யார்? கங்காணி பிடித்துக்கொண்டுபோன எங்கட சனம். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கூலிச் சனம். காடு வெட்டித் தோட்டம் போட்ட அந்தக் காலத்து மலாயாவில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. எங்கள் மலையகத்துச் சனத்தின் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதே மாதிரித்தான். அந்தச் சனத்தின் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் பத்து வருடம் பார்த்த ஒரு டொக்டர் 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி, அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்குகிறார். ஏன் என்பதற்கு அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் துன்பத்தைக் கண்டார், வைராக்கியம் வந்தது என்று இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த இரண்டு வரி போதவில்லை. அவருக்கு வைராக்கியத்தைக் கொடுத்த ஆட்கள் யார், அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது? யோகா முகாம்களில் மாட்டியிருக்கும் சிவானந்தர் படத்துக்குக் கீழே றப்பர் பால் வாளி தூக்கிய ஒரு தமிழ்க் கிழவியின் படமும் இருக்கவேண்டும் என்பது என்னுடைய விசர்க் கருத்து.

ரிஷிகேசத்துக்குப் போயும் அவர் டொக்டராகவே இருந்தார். யாத்திரிகர்களுக்கு இலவச மருந்தகம் வைத்தார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். 1945இல் ஆயுள்வேத மருந்து செய்யும் பிரிவு. இருநூறுக்கு மேற்பட்ட புத்தகங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதாவது, இங்கிலீஷ் படித்தவனுக்கு யோகத்தைச் சுருக்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது ஹொலிவூட்டும் இல்லை, கலிபோர்னியாக் ஹிப்பியும் இல்லை. அதைச் செய்தவர்களில் எங்கட பத்தமடை டொக்டரும் ஒருவர். 1935இல் குண்டலினி யோகம் பற்றி எழுதியபோது ஒவ்வொரு சக்கரத்தையும் உடம்பில் உள்ள நரம்புப் பின்னல்களோடு சேர்த்துச் சொன்னார். தஞ்சாவூரில் படித்த உடற்கூறு அவரை விடவில்லை.

சக்கரம் என்று வந்தபடியால் அதையும் சொல்லிவிடுகிறேன். நண்பரின் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். கீழே சிவப்பு, பிறகு செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், கருநீலம், ஊதா. வானவில்லை நிமிர்த்தி வைத்த மாதிரி. "ஐயாயிரம் வருடப் பழமை" என்று கீழே எழுதியிருந்தது. இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மேற்குலகம் சக்கரங்களைப் படித்தது முக்கியமாக 1919இல் வந்த ஒரு புத்தகத்தில். எழுதியவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்து நீதிபதி ஜோன் வூட்றொவ், ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில். வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் சமஸ்கிருதத்தில் செய்த நூலின் மொழிபெயர்ப்பு அதற்குள் இருக்கிறது. அந்த நூலில் மணிபூரகத்தின் இதழ்கள் மழைமுகில் நிறம், ஆக்ஞை சந்திரன் மாதிரி வெள்ளை. பச்சை இதயமும் இல்லை, கருநீல நெற்றியும் இல்லை. இன்று சுவரில் தொங்கும் வானவில் ஒழுங்கு 1970களில்தான் புத்தகங்களில் நிலைபெற்றது.

எங்கட பக்கத்தில் அதற்கு ஆறு ஆதாரம் என்று பெயர். திருமந்திரத்தில் இருக்கிறது. விநாயகர் அகவலில் இருக்கிறது. பிள்ளையார் கதை நாட்களில் அம்மம்மா அகவலை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பா. மூலாதாரம், குண்டலி எல்லாம் அதில் வரும். எங்களுக்கு அது விளங்கவும் இல்லை, விளங்கவேண்டும் என்று ஆரும் சொல்லவும் இல்லை; எங்கள் கண் மோதகத்தில். சைவ மரபில் அந்த ஆறையும் ஊர்களாகவும் வைத்தார்கள்: திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. எனக்கு வானவில்லைவிட இது பிடிக்கும். முதுகெலும்பில் ஊர்களைச் சுமந்துகொண்டு திரிவது அகதிக்குப் பழகின வேலைதானே.

ஆயுள்வேதமும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு வாத உடம்பு என்று முகாமில் சொன்னார்களாம், குளிர்ந்தது சாப்பிடாதே, எண்ணெய் பூசு என்று. இதைத்தான் எங்கட பரியாரியார் வாதம், பித்தம், சேத்துமம் என்று நாடி பிடித்துச் சொன்னவர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்து மருத்துவ நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் நின்றது இந்த மூன்றின் மேல்தான். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்த பிள்ளைகள் நாங்கள். இங்கே வந்து முதல் பனிக்காலத்திலேயே தைலெனோலுக்கு மாறியதும் நாங்கள்தான், அதற்கு ஆரையும் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு ஆளைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர், சிவானந்தரின் சீடர். 1953இல் சிவானந்தர் இவரை அனுப்பியது அமெரிக்காவுக்கு இல்லை, இலங்கைக்கு. திருகோணமலையிலும் கண்டியிலும் ஆசிரமம் வைத்துப் பதின்மூன்று வருடம் எங்கட சனத்துக்கு யோகம் படிப்பித்தார். 1966இல்தான் நியூயோர்க் போனார். 1969இல் வூட்ஸ்டொக் இசைவிழா மேடையில் வெள்ளைத் தாடியோடு இருந்து தொடக்கி வைத்தவர் இவர்தான். அந்த மேடையில் இருந்த மனிதர் மூன்று வருடத்துக்கு முன்வரை கண்டியில் இருந்தவர் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பின்னர் வேர்ஜினியாவில் யோகாவில் என்று ஒரு ஊரையே அமைத்தார், 2002இல் சென்னையில் காலமானார். யோகம் மேற்கே போன பாதையில் ஒரு தரிப்பிடம் ஈழம். நாங்கள்தான் அந்தத் தரிப்பிடத்தில் நித்திரை கொண்டுவிட்டோம்.

1983 செப்டெம்பரில் விஷ்ணுதேவானந்தா ஒரு சின்ன இலகு விமானத்தில் பேர்லின் மதிலுக்கு மேலால் மேற்கில் இருந்து கிழக்குக்குப் பறந்தார். எல்லைகளை உடைப்பதற்காகவாம். கிழக்கு ஜேர்மன்காரர் பிடித்து விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதே காலத்தில் யூலைக் கலவரத்தில் தப்பிய எங்கட பெடியள் கிழக்கு பேர்லினில் இறங்கி, றெயில் ஏறி, அதே மதிலின் மேற்குப் பக்கம் வந்து அகதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் படம் எடுக்க ஒரு பத்திரிகைக்காரரும் வரவில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் அது தலபுராணம் ஆகிவிடும். 2019 டிசம்பரில், விஷ்ணுதேவானந்தாவிடம் நீண்டகாலம் உதவியாளராக இருந்த ஒரு பெண், அவர் தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று பகிரங்கமாக எழுதினார். பிறகு வேறு பெண்களும் பேசினார்கள். 2021இல் பிபிசி அதை விரிவாக வெளியிட்டது. அவர் 1993இலேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. நான் அந்தப் பெண்களை நம்புகிறேன். குருவுக்கு முன்னால் கேள்வி கேட்கக்கூடாது என்ற பழக்கமும் இங்கிருந்து போன சாமான்தான், அதை மட்டும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று சொல்ல முடியாது. நண்பரிடம் இதைச் சொன்னேன். மகளிடம் சொல்லட்டோ என்று கேட்டார். சொல்லுங்கோ என்றேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த முகாமில் ஒரு குன்று இருக்கிறது, அதன்மேல் சுப்பிரமணியருக்கும் ஐயப்பனுக்கும் கோயில். மொன்றியல் தமிழ்ச் சனம் பஸ் பிடித்துப் போய் அங்கே தைப்பூசக் காவடி எடுக்கும். தைமாதத்தில் இல்லை, யூலையில். தையில் லோறன்ஷியனில் வெறுங்காலோடு காவடி எடுத்தால் முருகனே அம்புலன்ஸுக்கு அடிக்கவேண்டி வரும். மேளம் முன்னுக்குப் போக, முதுகில் செடில் குத்தினவர்கள் ஆடிக்கொண்டு ஏறுவார்கள். முகாமுக்கு வந்த வெள்ளைக்காரர்களும் பின்னால் ஏறுவார்கள், சிலர் பால்குடத்தோடு.

களவெடுத்தான் என்று சிரித்த என் நண்பர் அந்தக் குன்றில் ஏழு தரம் காவடி எடுத்தவர். கீழே உள்ள ஆசன மண்டபத்துக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. மகள் மூன்று நாள் அந்த மண்டபத்தில் இருந்தாள், கோயில்வரை ஏறவில்லை, மழையாம். வருகிற யூலையில் இரண்டு பேரும் ஒரே காரில் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். முழங்கால் விட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.