நூலகத்துக்கு வந்த மானிடவியலாளர்

மானிடவியல் என்றதும் நம் தலைமுறையினருக்கு நினைவுக்கு வருவது, எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் போய்த் தங்கி அங்குள்ளவர்களின் பழக்கவழக்கங்களைக் குறித்துக்கொள்ளும் ஆராய்ச்சிதான். அந்தத் துறையில் தேர்ந்த ஒருவரை ஒரு பல்கலைக்கழக நூலகம் வேலைக்கு வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் அது. வந்தவர் நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர்.

நூலகத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. பேராசிரியர்கள் தங்கள் கட்டுரைகளைப் போட்டு வைப்பதற்காக இணையத்தில் ஒரு சேமிப்பகம் ஏற்படுத்தியிருந்தார்கள். நல்ல ஏற்பாடு, செலவும் இல்லை. ஆனாலும் கட்டுரைகள் வந்து சேரவில்லை. பேராசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லி விட்டுவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், 2003ஆம் ஆண்டு ஃபாஸ்டரும் நூலகத்தாரும் பேராசிரியர்களின் அறைக்கே போனார்கள். அவர்கள் எப்படி எழுதுகிறார்கள், எழுதியதை எங்கே வைக்கிறார்கள், யாருக்கு அனுப்புகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார்கள்.

விடை கிடைத்தது. பேராசிரியருக்குப் பெரிது அவருடைய ஆராய்ச்சி. அதே பொருளில் உலகெங்கும் உழைக்கும் சில சகாக்கள். நூலகமோ பல்கலைக்கழகத்தின் பெயரையும் துறைகளின் பெயரையும் முன்னே வைத்து, தன் தொழில் சொற்களிலேயே பேசியது. அந்தச் சொற்கள் தம்மைப் பற்றியவை என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகு வடிவத்தை மாற்றினார்கள். ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் அவர் பெயரிலேயே ஒரு பக்கம். அதில் எதை வைப்பது என்பது அவர் விருப்பம்.

அடுத்து, 2004 முதல் 2006 வரை இளங்கலை மாணவர்களைக் கவனித்தார்கள். ராச்செஸ்டர், கோடாக் பிறந்த ஊர். பொருத்தமாக, மாணவர் கையில் கேமராவைக் கொடுத்து, படிக்கும் இடம், எப்போதும் உடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் என்று ஒரு பட்டியல்படி படம் எடுத்து வரச் சொன்னார்கள். வளாக வரைபடத்தில் ஒரு நாள் முழுக்கப் போன இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். தாளும் பேனாவும் கொடுத்து, நூலக இணையப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையவும் சொன்னார்கள். மாணவர் வரைந்தவற்றில் நூலகச் சங்கதிகள் மட்டும் இல்லை. பாடம், மின்னஞ்சல், வானிலை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. அவர்கள் நூலகத்தைத் தனி வீடாக நினைக்கவில்லை. அன்றாட வேலையின் ஒரு மூலையாகவே நினைத்தார்கள்.

எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. கட்டுரை எழுதத் திணறும் பிள்ளைகள் நூலகரிடம் போகாமல் அப்பா அம்மாவைக் கேட்டார்கள்! உடனே நூலகம், புதிய மாணவர் சேரும் நாளில் பெற்றோருக்குக் காலை விருந்து வைத்து, 'உங்கள் பிள்ளை கேட்டால் எங்களிடம் அனுப்புங்கள்' என்று சொல்ல ஆரம்பித்தது. இவை எல்லாவற்றையும் ஃபாஸ்டரும் சூசன் கிப்பன்ஸும் தொகுத்து 2007இல் நூலாக வெளியிட்டார்கள். பிறகு பல நூலகங்கள் இந்த வழியில் இறங்கின.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. நேரம் எங்கே வீணாகிறது என்று அறிய வாசகரைக் கவனித்தாக வேண்டும். ராச்செஸ்டர்க்காரர்கள் செய்தது அதுதான்.

ஓய்வூதியத்துக்கும் மின்கட்டணத்துக்கும் இன்று நாமும் ஏதோவொரு இணையதளத்தின் முன்தான் உட்கார்கிறோம். பொத்தான் எங்கே என்று தேடித் தவிக்கும்போது 'வயசாகிவிட்டது' என்று நம்மையே நொந்துகொள்கிறோம். அந்தப் பக்கத்தை அமைத்தவர், ஒரு பெரியவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.